கரிசல் பாளையங்கள்

கரிசல் பாளையங்கள் என்பவை, கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் 16-ஆம் நூற்றாண்டு முதல் 1801 வரை கோட்டை அமைந்த தலைமையூரையும் அதைச் சார்ந்த சிற்றூர்களையும் கொண்டு இயங்கிய குறுநில ஆட்சிப் பகுதிகள்.

வகை: மதுரை நாயக்க அரசின் படைமானிய அமைப்பு. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி ஆகியவை முக்கியமானவை.

இயல்புகள்: பாளையத்தின் தலைவரான பாளையக்காரர் வரி தண்டினார், வழக்குத் தீர்த்தார், காவல் நடத்தினார், அரசுக்குத் திறையும் போர்க்காலத்தில் படையும் அளித்தார். தலைமையூரை மையமாகக் கொண்ட சிற்றாட்சி என்ற அளவில் பண்டைக் கிரேக்க நகர அரசுகளுடன் ஒப்புமை உண்டு. எனினும், இங்குப் பதவி பரம்பரை உரிமையாக இருந்தது. ஏதென்சில் இருந்ததைப் போன்ற குடிமக்கள் பேரவை இல்லை.

வரலாறு: மதுரை நாயக்க மன்னர் விசுவநாத நாயக்கரும் அவர் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தபின் ஆர்க்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் திறை கோரின. இதை எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை 1801-இல் வீழ்ந்து, தரைமட்டமாக்கப்பட்டது. கம்பெனியை ஆதரித்த எட்டயபுரம் ஜமீனாக நீடித்தது.

சிறப்பு: தென்னாட்டின் தொடக்ககால ஆங்கிலேய எதிர்ப்பின் முக்கியக் களங்களில் இப்பகுதியும் ஒன்று. எட்டயபுரம் அரண்மனை இசையையும் புலவர்களையும் புரந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் அங்கு மறைந்தார். சுப்பிரமணிய பாரதியார் 1882-இல் அவ்வூரில் பிறந்தார்.