தியாகச் சிகரமும் திருவாலங்காட்டுச் செப்பேடும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் வளர்ந்த நம்மில் பலருக்குப் ‘பொன்னியின் செல்வன்’ அறிமுகமானது, வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு புத்தகங்களாகத்தான். நான்கு பாகங்களை உறக்கம் மறந்து படித்துவிட்டு ஐந்தாவதை முடித்தபோது, ஏதோ குறைந்துவிட்டது போன்ற ஏமாற்றம் நம்மைப் பற்றிக்கொண்டது. இத்தனைக்கும் 91 அத்தியாயங்கள் கொண்ட ‘தியாகச் சிகரம்’தான் ஐந்தில் மிகப் பெரியது.

இந்த ஏமாற்றம் புதியதன்று. 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதத்தில் நிறைவெய்தியபோதே, பாத்திரங்களின் பிற்கால வாழ்வு குறித்து வாசகர்கள் கேட்கத் தொடங்கிவிட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி, முழுக் கற்பனைக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதியதும் அந்த நிறைவின்மையின் தொடர்ச்சியே.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது முதற்குறை. கடம்பூர் மாளிகையின் இருளில் அந்தக் கை யாருடையது என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் சரித்திரமும் அதற்குமேல் சொல்லவில்லை. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகளெனக் குறித்து, அவர்தம் உடைமைகளைப் பற்றிப் பேசுகிறது. கொலையின் நோக்கத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. எனவே கல்கியின் மௌனத்தை நாம் நேர்மை என்றே கொள்ளலாம்.

நம்முடைய மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆவடியில் அரக்கோணம் மின்ரயில் ஏறினால் திருவள்ளூருக்கு அப்பால் திருவாலங்காடு வருகிறது. பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்குக் கொடையாக அளித்த இராசேந்திர சோழனின் செப்பேடு 1905-இல் இங்குதான் கிடைத்தது. குடிமக்கள் வேண்டியும், சிறிய தந்தை ஆட்சியை விரும்பியதால் அருள்மொழி அதை மனத்தாலும் நாடவில்லை என்று அதன் வடமொழிப் பகுதி கூறுகிறது. கல்கியின் கடைசிப் பாகத் தலைப்புக்கு இச்செய்தியே அடிப்படை.

இங்கே ‘விரும்பியதால்’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. அரசை ஆசைப்பட்டுக் கேட்பவனுக்கு விட்டுக்கொடுப்பதில்தான் தியாகத்தின் கூர்மை இருக்கிறது. நாவலிலோ, ஆசைப்பட்ட மதுராந்தகன் போலியென்று தெரிந்து சோழநாட்டை விட்டே அகன்றுவிடுகிறான். மகுடம், அதைக் கனவிலும் நாடாத பூத்தொண்டன் சேந்தன் அமுதனுக்குப் போகிறது. அவனே உண்மையான மதுராந்தகன், உத்தம சோழன் என்றாகிறது. இருவருமே வேண்டாமென்னும் மகுடத்தை ஒருவர் தலையில் மற்றவர் சூட்டுவது அழகிய காட்சிதான். ஆனால் அங்கே இழப்பு எங்கே இருக்கிறது?

இந்த மாற்றம் இன்னொன்றையும் அழித்துவிடுகிறது. கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்ற ஐயத்தை நீலகண்ட சாஸ்திரியார் எழுப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர் உலகில் இன்றளவும் தீராத வழக்கு அது. தமையனின் கொலைப்பழி யார்மீது விழக்கூடுமோ, அவருக்கே அருள்மொழி வழிவிட்டிருந்தால் அது எத்தகைய முடிவு! பெருந்தன்மையா, உள்நாட்டுப் போரைத் தவிர்த்த அரசியல் நிதானமா, காலம் வரும்வரை காத்திருந்த பொறுமையா? அந்தக் கேள்வியை எழுப்பக்கூடிய பேனா கல்கியிடம் இருந்தது. சேந்தன் அமுதனின் சாதுவான முகத்தைக் காட்டி அவர் அதைத் தவிர்த்துவிட்டார்.

ஆகவே, வரலாறு கையைக் கட்டியதால்தான் கடைசிப் பாகம் தளர்ந்தது என்ற வழக்கமான சமாதானத்தை நம்மால் முழுதும் ஏற்க இயலவில்லை. வரலாறு மௌனம் சாதித்த இடத்தில் கல்கி சறுக்கவில்லை. அது கசப்பாகப் பேசிய இடத்தில்தான் இனிப்பைக் கலந்தார். இவ்வளவும் சொன்ன பிறகு, மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் அந்தக் கடைசிப் பக்கங்களை நாம் இன்னொரு முறை படிக்கத்தான் போகிறோம். அடுத்த முறை திருவாலங்காட்டைத் தாண்டி ரயிலில் செல்ல நேர்ந்தால், அந்தச் செப்பேட்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.