செர்வர் எங்கேப்பா போச்சு? - ஒரு கொசுவத்தி

"செர்வர்லெஸ்"னு பேர் வெச்ச புண்ணியவான் யாரோ, பொட்டி தட்டுற நம்மளையே குழப்பிட்டார். செர்வர் எங்கேயும் போகலை மக்களே. அமேசான்காரன் கட்டடத்தில் பத்திரமா ஓடிக்கிட்டுதான் இருக்கு. பார்த்துக்கிற தலைவலி மட்டும் அவன்கிட்ட போயிருக்கு. நாம கொடுக்கிற காசு, நம்ம நிரல் ஓடின நேரத்துக்கு மட்டும்.

இந்த ஆசை ஒண்ணும் புதுசில்லை. கணினியும் ஒருநாள் தொலைபேசி மாதிரி பொதுச்சேவை ஆகலாம் என்று 1961லேயே எம்.ஐ.டி. நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி பேசியிருக்கிறார். அதே வருஷம் நவம்பரில், கோர்பட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். அமைப்பைச் செய்து காட்டினார்கள். ஒரே ஐ.பி.எம். 709 பொட்டி, நாலு பேர். ஒருத்தர் முறை முடிஞ்சதும் அவர் நிரல் நினைவகத்தில் இருந்தபடியே காந்த நாடாவுக்குப் போகும். மறுபடி முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து ஓடும். அந்த "விட்ட இடத்திலிருந்து" என்பதை ஞாபகம் வெச்சுக்குங்க, மேட்டரே அங்கேதான் இருக்கு.

அப்படியே 2006க்குத் தாவலாம். அமேசான் இசி2 வந்தது, மணிக்கு 10 சென்ட் வாடகை. ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ் மாதிரி, சும்மா நின்னாலும் மீட்டர் ஓடும். அதே வருஷம் லண்டனில், கேனனுக்குச் சொந்தமான ஃபோட்டாங்கோ நிறுவனம் சிம்கி என்ற சேவையை விட்டது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால் போதும், புழங்கின அளவுக்குத்தான் காசு. ஆனா 2007 கடைசியில் கடையை மூடிட்டாங்க. 2008ல் கூகுள் ஆப் எஞ்சின் வந்தது. 2014 நவம்பரில் அமேசான் லாம்டாவை அறிவித்தது. 100 மில்லிவினாடிக்கு ஒரு கணக்கு என்றிருந்தது, 2020ல் 1 மில்லிவினாடி ஆச்சு.

அப்போ சிக்கல் எங்கே? 2019 ஆரம்பத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து அடுத்தடுத்து ரெண்டு கட்டுரைகள் வந்தன. எதிர்காலமே செர்வர்லெஸ்தான், ஆனா தீர்க்க வேண்டியது நிறைய இருக்கு என்றது ஒண்ணு. ஒரு அடி முன்னே போய் ரெண்டு அடி பின்னே வந்திருக்கோம் என்றது ஹெல்லர்ஸ்டீன் குழுவினரின் இன்னொண்ணு. ரெண்டும் விரல் வைத்த இடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: லாம்டா நிரலுக்கு ஞாபகசக்தி கிடையாது. போன தடவை நினைவகத்தில் வைத்தது இந்தத் தடவை இருக்கும்னு நம்ப முடியாது. ஒரு நிரல் பக்கத்து நிரலோட நேரடியா பேசவும் முடியாது. நடுவில் ஒரு சேமிப்பகம் வேணும். சோறு இருக்கிற இடத்துக்கு இலையைக் கொண்டு போகாம, ஒவ்வொரு கவளத்துக்கும் அண்டாவையே தூக்கிட்டு வர்ற கதை!

தூங்கிக்கிட்டிருக்கிற நிரலை எழுப்புற தாமதத்தை நல்லாவே குறைச்சுட்டாங்க. 2018ல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், ஒரு குட்டி மெய்நிகர் பொட்டியை 125 மில்லிவினாடியில் கிளப்பிடும். எழுப்புறது சுலபமாயிடுச்சு, ஞாபகப்படுத்துறதுதான் கஷ்டம்.

அதனால "செர்வரே வேணாம்"னு யாராவது சொன்னா, ரெண்டே கேள்வி கேளுங்க. தரவு எங்கே உட்காரும்? சிம்கி மாதிரி கடையை மூடினா, நம்ம நிரல் வேற இடத்தில் ஓடுமா?

பதில் இருந்தா தாராளமா இறங்கலாம். இல்லேன்னா பழைய செர்வரே தேவலை, சாமி :-)