பெரியமேட்டுக் கால்பந்தரங்கும் பெரும்பொழுதுகளும்



எம் ஊராகிய திருமுல்லைவாயிலில் கோயில் கொண்டிருக்கும் மாசிலாமணீசுவரர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பவர். சித்திரைச் சதயத்தை ஒட்டியே அக்காப்பைக் களைவர். ஆகவே அந்தக் காட்சியைக் காண எப்போது வருவது என்று எந்த அன்பரும் குழம்புவதில்லை. நாளைக் கோயிலே குறித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் இவ்வூரிலிருந்து மின்தொடர் வண்டியேறிச் சென்று காணத்தக்க வேறொரு பேரரங்கம் உண்டு. அதற்கு நாள் குறித்துக் கொடுப்பார் இல்லை. பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கத்தையே சொல்கிறோம்.

இந்த ஆய்வு தொடங்கியது எம் பெரியப்பாவால். எண்பதைக் கடந்தவர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளமையில் தொழிலாளர் அணிக்காகக் கால்பந்து ஆடியவர். சென்ற புரட்டாசியில் ஒரு மாலை எம்மை அழைத்து, "தம்பி, நேரு ஸ்டேடியத்துல ஒரு மேட்ச் பாக்கணும்பா. எந்த மாசம் போனா நல்லாருக்கும், நீயே பாத்துச் சொல்லு" என்றார். இளைஞர் கேட்டிருந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லியிருப்போம். இவருக்கோ நனைந்த படிக்கட்டு ஆபத்து. வெயில் அதைவிட ஆபத்து. ஒரு பருவத்தைத் தவறாகக் கணித்துவிட்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் வயதும் அன்று. ஆகவே அந்த மண்ணின் வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம் என்று துணிந்தோம்.

மக்கள் பூங்கா முதல் மைதானம் வரை

இன்று விளையாட்டரங்கமும் ரிப்பன் மாளிகையும் நிற்கும் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் மக்கள் பூங்கா என்று பெயர் பெற்றிருந்தது. 1859-60 காலப்பகுதியில் சென்னை ஆளுநராக இருந்த சார்லசு டிரெவெலியன் உருவாக்கியது அது. குளங்கள், நடைபாதைகள், விலங்குக் காட்சிச்சாலை என்று நகரத்தார் மாலையில் கூடும் இடமாக விளங்கிற்று. ஆண்டின் இறுதியில் அங்கே பெருஞ்சந்தை நடைபெறும். 1886 டிசம்பர் 31 அன்று அச்சந்தையில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். துயரமான செய்தியே எனினும், அதனுள் ஒரு குறிப்பும் அடங்கியிருக்கிறது. இந்நகரத்து மக்கள் திறந்த வெளியில் பெருந்திரளாகக் கூடுவதற்கு மார்கழியைத் தேர்ந்திருந்தனர் என்பதே அது.

பின்னர் அப்பூங்காவின் ஒரு பகுதியில் மாநகராட்சி விளையாட்டரங்கம் எழுந்தது. இன்று கால்பந்துக்குப் பெயர் பெற்ற அவ்விடத்தில் அன்று டெசுட் கிரிக்கெட் ஆடப்பட்டது என்றால் இன்றைய மாணவர் பலர் நம்ப மறுக்கின்றனர். 1956 சனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட், பங்கஜ் ராய் இருவரும் முதல் இணைக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். 2008 வரை, அதாவது ஐம்பத்திரண்டு ஆண்டுகள், உலகில் எவராலும் அதைக் கடக்க முடியவில்லை.

எமக்கு வேண்டியது ஓட்டக் கணக்கன்று, மாதக் கணக்கு. 1956 முதல் 1965 வரை அம்மைதானத்தில் நடைபெற்ற டெசுட் ஆட்டங்கள் ஒன்பது. அவற்றுள் ஆறு சனவரியில் நடந்தவை: 1956, 1959, 1960, 1961, 1962, 1964. இரண்டு அக்டோபரில் (1956, 1964). எஞ்சிய ஒன்று 1965 பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. 'பொங்கல் டெசுட்' என்ற வழக்குச் சென்னையில் வேரூன்றியது வீணாக அன்று.

கார் முதல் வேனில் வரை

தொல்காப்பியர் முல்லைக்குக் காரைப் பெரும்பொழுதாகவும் மாலையைச் சிறுபொழுதாகவும் வகுத்தார். முல்லையைப் பெயரிலேயே தாங்கிய ஊரினர் ஆதலின், மாலையில் நடக்கும் கால்பந்தாட்டம் எமக்கு உகந்ததே. ஆனால் காரை ஏற்பதற்கில்லை. ஆவணியும் புரட்டாசியும் சென்னையில் பகலில் வெயிலாகவும் மாலையில் திடீர் இடிமழையாகவும் கழிபவை. ஆட்டம் தொடங்கும் நேரமும் மழை இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடும்.

ஐப்பசியும் கார்த்திகையுமான கூதிர்ப் பருவம் இன்னும் கடுமையானது. சென்னை ஆண்டில் பெறும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியபோது முதல் மூன்று ஆண்டுகளும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையிலேயே முழுத் தொடரையும் அடக்கினர். நாட்டின் பிற நகரங்களுக்கு அது இதமான காலம். சென்னைக்கோ அடைமழைக் காலம். அதன் விளைவு 2015-இல் தெரிந்தது. டிசம்பர் முதல் நாள்களில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. சென்னையின் எஃப்.சி. தன் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆட நேர்ந்தது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கோப்பையையும் வென்றது. ஆனால் அந்த அரையிறுதியைத் தம் ஊர் அரங்கில் அமர்ந்து காணும் பேறு சென்னை இரசிகர்களுக்கு வாய்க்கவில்லை. 2017-18 முதல் தொடர் மார்ச் வரை நீண்டது. தைக்கும் மாசிக்கும் அட்டவணையில் இடம் கிடைத்தது.

இளவேனிலையும் முதுவேனிலையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003 மே 31 அன்று சென்னையில் 45 பாகை வெப்பம் பதிவாயிற்று. கடற்காற்று இறங்கிய பின்னும் காங்கிரீட் படிகள் பகலின் சூட்டை நெடுநேரம் விடுவதில்லை.

எஞ்சுபவை முன்பனியும் பின்பனியும். பனி என்ற பெயருக்கு அஞ்ச வேண்டா. சனவரியில் சென்னையின் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியும் இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டியும் இருக்கும். பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்றைய அரங்கம் எழுந்து, 1993-இன் தொடக்கத்தில் நேரு தங்கக் கிண்ணப் போட்டியுடன் தன் வாழ்வைத் தொடங்கியதும் இப்பருவத்தில்தான். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் டிசம்பர் 18 முதல் 27 வரை சென்னையில் நடந்தபோதும் மார்கழியே வாய்த்தது. பூங்காச் சந்தையிலிருந்து தெற்காசியப் போட்டி வரை, ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு மேலாக அந்த மண் ஒரே விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

எனினும் பருவம் ஒத்துழைத்தாலும் மனிதர் அட்டவணை ஒத்துழைக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களின் ஆட்டங்கள் யாவும் கோவாவிலேயே நடந்தன. இரண்டு தை மாதங்கள் பெரியமேட்டில் வெறுமையாகக் கழிந்தன. 2025-இலும் செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய தொடர் உரிய காலத்தில் தொடங்கவில்லை. ஆகவே ஆட்ட அட்டவணையைப் பார்த்த பின்னரே நாளை உறுதி செய்க.

செல்லும் வழி எளிது. திருமுல்லைவாயிலில் மின்தொடர் வண்டி ஏறினால் அம்பத்தூர், வில்லிவாக்கம் வழியாக மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். 1985-இல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட்டின் பெயரை அந்நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து ரிப்பன் மாளிகைப் பக்கமாக நடந்தால் அரங்கம் வந்துவிடும்; முதியோருக்கு ஆட்டோ நலம்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பெரியப்பாவிடம் சென்றோம். மழை முற்றிலும் ஓய்ந்து பனியும் தணியும் மாசியே மிகச் சிறந்தது என்று முடிவுரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர் விரல்விட்டு எண்ணினார். "மாசின்னா இன்னும் அஞ்சு மாசம் இருக்கேப்பா" என்றார். எமக்கு விடை எழவில்லை. எல்லாப் பருவங்களையும் எண்ணிய நாம் அவருடைய பருவத்தை எண்ண மறந்திருந்தோம்.

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "மன்கட் ஆடினப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. எங்கப்பா தோள்ல கைய வெச்சுக் கூட்டிட்டுப் போனார். அப்பவும் பொங்கலுக்கு முன்னாடிதான். மார்கழின்னு நெனைக்கிறேன்." வீட்டிற்கு வந்து நாள்காட்டியைக் கணித்துப் பார்த்தோம். அந்த ஆட்டம் நடந்தது 1956 சனவரி 6 முதல் 11 வரை. மார்கழியின் கடைசி வாரம். அவர் நினைவு பிழைபடவில்லை.

ஆகவே நண்பர்களே, பொதுவாக வினவுவோர்க்கு எம் விடை: தை இறுதியும் மாசியும். எங்கள் வீட்டுக்கான விடை வேறு. மழை விடைபெற்றதும், மார்கழியில் அமையும் முதல் ஆட்டம். அம்மாதத்தில் ஆட்டமே அமையாவிட்டாலும் ஒரு மாலை அவரை அழைத்துச் சென்று அந்த மண்ணைக் காட்டிவிட்டு வருவோம். மாசி ஆட்டம் அதன் பிறகு ஆகட்டும்.