ஊசிமுனையில் ஒரு பூச்சி

'சொறிநாய்' என்ற சொல் ஒரு நோயைக் குறித்ததைவிட மனிதர்களைத் திட்டத்தான் நம்மிடம் அதிகம் பயன்பட்டிருக்கிறது. முடி கொட்டி, தோல் தடித்துக் கறுத்து, நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று கடித்துக்கொள்ளும் நாயைத் தெருவில் பார்த்தால் கல்லெடுப்போம். இரக்கமுள்ளவர்கள் மெக்கானிக் கடையிலிருந்து பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிவந்து ஊற்றுவார்கள், அது நாய்க்கு விஷம் என்று தெரியாமலே. ஏன் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சொறி அந்த நாயின் குணம், அவ்வளவுதான்.

மனிதச் சொறியைப் பற்றி ஐரோப்பிய மருத்துவமும் ரொம்ப காலம் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தது. உடலுக்குள் ரசங்கள் கெட்டுப்போய், அந்தக் கசடு தோல் வழியாக வெளியே வருகிறது என்று சொன்னார்கள். அதனால் பேதிக்குக் கொடுத்தார்கள், ரத்தத்தை வடித்தார்கள்.

1687-இல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் போனோமோ என்ற இளம் மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்துக்கடைக்காரரும் வேறொன்றைப் பார்த்தார்கள். ஏழைப் பெண்கள் சொறி பிடித்த குழந்தைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ நோண்டி எடுத்தார்கள். அடிமைகளும் ஒருவருக்கொருவர் அதையே செய்துகொண்டார்கள். அந்த 'எதையோ' நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, ஆமை வடிவத்தில் ஒரு வெள்ளைப் பூச்சி நகர்ந்தது. நாம் இன்று மைட் என்று சொல்வது. அது முட்டையிடுவதையும் பார்த்துவிட்டார்கள். பிரான்செஸ்கோ ரெடிக்குக் கடிதம் போனது. சொறிக்குக் காரணம் இந்தப் பூச்சிதான், துணிமணி வழியாகவும் தொற்றும், உள்ளுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை, வெளியே பூசுங்கள். ஒரு நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓர் உயிரைக் காரணமாகக் கைகாட்டிய மிக ஆரம்பகால ஆவணங்களில் ஒன்று அது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. போப்பின் மருத்துவர் லான்சீசி ரசக் கோட்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. போனோமோ வாயை மூடிக்கொண்டார்.

1812-இல் பாரிஸில் காலே என்பவர் பூச்சியை மறுபடி கண்டுபிடித்ததாக அறிவித்தார். அவர் ஆய்வேட்டில் இருந்த படம் பாலாடைக்கட்டியில் வாழும் மைட் என்று பின்னால் ரஸ்பாய் காட்டினார். ஏமாற்றினாரா ஏமாந்தாரா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும், பூச்சி என்ற எண்ணத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. 1834-இல்தான் ரெனூச்சி என்ற கோர்சிகா தீவு மாணவர், பாரிஸ் மருத்துவர்கள் கண்முன்னே ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். எங்கே கற்றார்? அவருடைய ஊர்ப் பெண்களிடம். மருத்துவர்கள் இத்தனை நாளும் நீர்க்கொப்புளத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். பூச்சி இருப்பதோ கொப்புளத்தைத் தாண்டி, அது குடைந்த சுரங்கத்தின் கடைசி முனையில். கடிதத்துக்கும் இந்த ஊசிக்கும் நடுவே 147 ஆண்டுகள்.

நாய்க்கு வருவதும் இதே பூச்சியின் இன்னொரு வகைதான். காது விளிம்பு, முழங்கை என்று பிடித்துக்கொள்ளும். தோலைச் சுரண்டிப் பார்த்தாலும் பலமுறை அகப்படாது. அதனால் காது விளிம்பைத் தேய்த்து, பின்னங்கால் தானாகச் சொறிய வருகிறதா என்றும் கவனிப்பார்கள்.

பூச்சியைக் காரணமாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த சிக்கல். 1840-களில் மயிர்க்கால்களுக்குள் வாழும் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு மைட்டை முதலில் மனிதரிடமும் பிறகு நாயிடமும் கண்டார்கள். இது ஆரோக்கியமான நாயிடமும் இருக்கிறது. பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வந்துசேர்கிறது. நோய் எதிர்ப்பு தடுமாறும்போதுதான் பெருகித் தோலைக் கெடுக்கிறது. ஆக, குற்றம் நடந்த இடத்தில் ஆள் இருந்தான் என்பது மட்டும் போதாது.

பிறகு, ஆளே இல்லாத வழக்குகள். 1941-இல் விட்டிக் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நாய்க்குப் பருவந்தோறும் வந்த மகரந்த ஒவ்வாமையைப் பதிவு செய்தார். மனிதருக்கு மட்டுமே என்று நினைத்த வியாதி. ஆனால் நமக்குப் போல் நாய்க்கு அது தும்மலில் நிற்பதில்லை. பெரும்பாலும் தோலில்தான் வரும், பாதத்திலும் காதிலும் அக்குளிலும். தூசியில் வாழும் மைட், பூஞ்சை, தெள்ளுப்பூச்சியின் எச்சில், தினமும் தின்னும் சோறு, எதுவும் காரணமாகலாம். தோலைச் சுரண்டினால் கிடைப்பது பெரும்பாலும் பின்னால் வந்து குடியேறிய ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான்.

எங்கள் ரோசி இந்தக் கடைசி வகை. மூன்று வருடம் பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் ரத்தம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு வாரம் நிம்மதி, மறுபடி முதலிலிருந்து. என் தொழிலில் இதற்குப் பெயர் எச்சரிக்கையை அணைத்து வைப்பது. பிழை அப்படியே இருக்கும், திரையில் மட்டும் தெரியாது. சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை. தெள்ளுப்பூச்சி மருந்தை மாதம் தவறாமல் கொடுத்துப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது சாப்பாடு.

உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை விற்கிறார்கள், ஆனால் நம்ப முடியாது. நம்பத்தக்க வழி ஒன்றுதான். நாய் இதுவரை தின்னாத புரதம் ஒன்றை மட்டும் எட்டு வாரம் கொடுப்பது. ஒவ்வாமையுள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதற்குள் தேறிவிடும் என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் 297 நாய்களின் கணக்கு இருக்கிறது: மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. எல்லாம் வீட்டு நாய் சர்வ சாதாரணமாகத் தின்பவை.

எங்கள் வீட்டில் தினமும் கோழிச்சோறு. அதை நிறுத்திப் பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் பிஸ்கட் போடாதீங்க என்று தினமும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆறாவது வாரம் நக்குவது நின்றது, எட்டாவது வாரம் விரலிடுக்கில் முடி முளைத்தது.

ஆனால் அத்தோடு நிரூபணம் முடிவதில்லை. பருவம் மாறியதால் சரியாகியிருக்கலாம். பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் காரணம் உறுதி. அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "நல்லாத்தானே இருக்கா, எதுக்குடா திரும்பக் கொடுக்கணும்? பாவம்டா" என்றார். எனக்கும் கை வரவில்லை. உறுதி செய்யாவிட்டால் ஆயுசுக்கும் எதையெதை விலக்குவது என்று தெரியாது. திங்கட்கிழமை காலை பழைய தட்டில் கோழியை வைத்தேன். ஆசையாகத் தின்றாள்.

புதன் ராத்திரி, கட்டிலுக்குக் கீழே நக்கும் சத்தம் கேட்டது.