பத்மநாபபுரம் அரண்மனை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே, வேளிமலைச் சாரலில், கோட்டை மதில் சூழ விளங்கும் இவ்வரண்மனை, திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய இராசதானியாகிய கல்குளத்தில் எழுந்தது. ஒரே காலத்தில் ஒரே திட்டப்படி அமைந்ததன்று; ஆதியில் இருந்த ஒரு சிறு மனையை மூலமாகக் கொண்டு, பின்வந்த அரசர்கள் தத்தம் தேவைக்கேற்பக் கூட்டிய கட்டடங்களால் விரிவுற்றது. 13ஆம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்றை ஒட்டி 1619இல் மாளிகை எழுப்பப்பெற்ற ஸ்காட்லாந்தின் டிரம் கோட்டையும் இவ்வாறு வளர்ந்ததே; எனினும் அங்கே தற்காப்புக்கான கற்கோபுரம் மூலமாயிற்று, இங்கோ முற்றத்தைச் சூழ்ந்த நாலுகட்டு வீடு மூலமாயிற்று.

அம்மூல மனையே தாய்க் கொட்டாரம். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியதெனக் கொள்ளப்படும் இதன் மூலையில் ஏகாந்த மண்டபம் உள்ளது. அங்குள்ள ஒற்றைப் பலாமரத் தூணின் மலர் வேலைப்பாடு மரத்தச்சரின் கைத்திறத்துக்குச் சிறந்த சான்றாகும். 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை உருப்பெற்றது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அதைப் புதுக்கிப் பெருக்கி, தம் குலதெய்வத்தின் பெயரால் நகருக்குப் பத்மநாபபுரம் எனப் பெயரிட்டார்.

அவர் எழுப்பிய நான்கு நிலை உப்பரிகை மாளிகையே அரண்மனையின் சிகரம். அடித்தளம் கருவூலம், அதன்மேல் மூலிகை மரங்களால் ஆன கட்டிலுடன் கூடிய பள்ளியறை, அதற்கும் மேல் மன்னர் விரத நாட்களில் தங்கும் அறைகள், உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த வழிபாட்டு அறை. 1750இல் இராச்சியத்தையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, அவருடைய தாசராக ஆண்ட மன்னர், தெய்வத்துக்கு உச்சியை அளித்துத் தாம் கீழே துயின்றார் என்பதை இவ்வடுக்குமுறை தெளிவாக உணர்த்துகிறது.

முகப்பிலுள்ள பூமுகத்தின் மாடியில் மந்திரசாலை உள்ளது. வண்ண அபிரகத் தகடு பதித்த சாளரங்கள் வெயிலின் கடுமையைத் தணிக்கின்றன. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து மெருகேற்றிய கருந்தளம் இன்றும் பளபளக்கிறது. பெருமழையை விரைவில் வடியவிடும் செங்குத்தான ஓட்டுக்கூரைகள் மரக்கட்டடங்களைக் காக்கின்றன. இம்மரவேலைக்கு நடுவே கருங்கற்றூண்களுடன் நிற்கும் நவராத்திரி மண்டபம் தமிழகக் கோயில் மரபைச் சார்ந்தது. ஊட்டுப்புரை, இந்திரவிலாசம், மணிமேடை ஆகியவை ஏனைய பகுதிகளாம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956இல் இப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோதிலும், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. தென்னிந்திய மரக்கட்டடக் கலையை அறிய விழைவோர் முதலில் காண வேண்டியது இதுவே.