கடைசி ஸ்தாயி: மேடை ஒலிக்கு ஆழ்ந்த பேஸ் வந்த வரலாறு

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளிப் பாடநூலிலேயே படிக்கிறோம். இதன் அடிமட்டத்தில், 20 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை, ஒரே ஒரு ஸ்தாயி இருக்கிறது. மேடை ஒலிபெருக்கிகளுக்குக் கடைசியாக வசப்பட்ட பகுதி இதுதான். பள்ளி ஆய்வகத்தில் நான் மாணவர் கையில் கொடுத்த இசைக்கவைகள் 256 முதல் 512 ஹெர்ட்ஸ் வரையிலானவை. 30 ஹெர்ட்ஸ் எப்படி இருக்கும் என்று காட்ட எங்களிடம் கருவி எதுவும் இருந்ததில்லை.

இந்த ஒலியின் மீதான ஆசை மின்சாரத்துக்கு முந்தையது. ஐரோப்பியத் தேவாலயங்களின் பெரிய ஆர்கன்கள் சிலவற்றில் 32 அடி நீளக் குழாய்கள் உண்டு. அவற்றின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். அதைக் காது கேட்பதைவிட, அமர்ந்திருக்கும் பலகையும் நெஞ்சும் அதிகம் உணரும்.

ஒலிபெருக்கியில் இதைக் கொண்டுவருவது ஏன் கடினம்? முதல் காரணம் அலைநீளம். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். 20 ஹெர்ட்ஸுக்குப் பதினேழு மீட்டர். இரண்டாவது, தள்ளவேண்டிய காற்று. அதே ஒலியழுத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க, ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பதினாறு மடங்கு! மூன்றாவது, நம் காதே. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வரைகோடுகள், தாழ்ந்த ஒலிக்குக் காது எவ்வளவு மந்தமானது என்பதைக் காட்டின. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கும் அளவைவிட, 20 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க 70 டெசிபலுக்கும் மேல் கூடுதலாக வேண்டும்.

1974இல் அமெரிக்காவில் இரண்டு முயற்சிகள் நடந்தன. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு ‘ஒலிச்சுவர்’ என்று பெயர்பெற்ற அமைப்பை மேடையில் நிறுத்தியது. பேஸ் கிதாருக்கு மட்டும் பல ஒலிபெருக்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரமான தூண்கள். தெளிவு அபாரம் என்றார்கள். ஆனால் ஏற்றி இறக்கும் பாரத்தையும் செலவையும் தாங்க முடியாமல் அந்த ஆண்டுக்குள்ளேயே கைவிட்டார்கள்.

மற்றது திரையரங்கில் நடந்தது. யுனிவர்சல் நிறுவனத்தின் ‘எர்த்குவேக்’ படம் 1974 நவம்பரில் ‘சென்சரவுண்ட்’ என்ற முறையுடன் வெளியானது. செர்வின்-வேகா நிறுவனம் செய்த பெரும் பெட்டிகளை அரங்கினுள் வைத்து, நிலநடுக்கக் காட்சிகளில் மட்டும் இரைச்சலை எழுப்பினார்கள். தரையும் இருக்கையும் நடுங்கின. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப்பூச்சு தலையில் விழாதிருக்க வலை கட்டினார்கள். பல திரைகள் கொண்ட அரங்குகளில் வேறு தொல்லை: பக்கத்து அறையில் ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் பார்த்தவர்களுக்கும் நிலம் நடுங்கியது. நீண்ட அலைக்குச் சாதாரணச் சுவர் ஒரு பொருட்டில்லை.

என் பார்வையில் சென்சரவுண்ட் ஒரு வேடிக்கைதான். அதில் வந்தது உறுமல்; இசை அல்ல. உருப்படியான மாற்றம் அடுத்த ஐந்து ஆண்டுகளில் வந்தது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 70 மி.மீ. பிரதிகளில் பேஸுக்கெனத் தடங்களை ஒதுக்கினார்கள். 1979இல் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்காக, கலிஃபோர்னியாவில் ஜான் மேயர் தொடங்கிய மேயர் சவுண்ட் சப்வூஃபர்களைச் செய்து கொடுத்தது. அந்த வரிசையில் வந்த, 18 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டைக் கொண்ட பெட்டிகள் பிறகு இசைமேடைகளுக்கும் சென்றன.

மேடையில் இதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 31. பெட்டி 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிட்டால் அந்தச் சுரத்தின் அடிப்படை அதிர்வே வெளியே வராது. ஆனாலும் பாட்டு புரியும். 82, 123 ஹெர்ட்ஸ் என்று மேலே வரும் கிளைச்சுரங்களைக் கொண்டு, விடுபட்டதை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவில் நாம் பாட்டை ரசித்தது அப்படித்தான். சுரத்தை மூளை ஊகித்துவிடுகிறது; உடல் உணரும் அதிர்வை ஊகிக்க முடியாது. அந்தக் குறையைச் சரிசெய்வதாக நினைத்து 80, 100 ஹெர்ட்ஸ் பகுதியை ஏற்றிவிடுகிறார்கள். கல்யாண மண்டபங்களில் ‘பேஸ்’ என்ற பெயரில் நம் மண்டையை இடிப்பது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். அது ஆழம் அல்ல, வெறும் உரப்பு. பாடுபவரின் சொல்லையும் அது மூடிவிடுகிறது.

அன்று பக்கத்து அறைக்குள் புகுந்த அந்த அலை இன்றும் திறந்தவெளி மேடைகளில் பின்புறமும் பரவி, அக்கம்பக்கத்து வீடுகளை எட்டுகிறது. அதற்கு இப்போது ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மூன்று சப்வூஃபர்களை அடுக்கி, ஒன்றை மட்டும் மேடைப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். அதற்குச் செல்லும் மின்குறிப்பின் முனைமையை மாற்றி, சில மில்லிசெகண்டுகள் தாமதப்படுத்துகிறார்கள். மேடைக்குப் பின்னால் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. முன்னால் நிற்பவர்களுக்கு பேஸ் அப்படியே வந்து சேர்கிறது.