வழங்கிக்கும் உலாவிக்கும் இடையே: ரெயில்ஸ் சட்டகமும் டிஸ்கோர்ஸ் செயலியும்

இணையப் பக்கத்தை ஆக்கும் பொறுப்பு வழங்கிக்குரியதா, உலாவிக்குரியதா என்னும் வினா திறந்த மூலச் செயலிகளின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. ரூபி மொழியில் அமைந்த ரெயில்ஸ் சட்டகம் இதற்குத் தக்க சான்றாகும். டேவிட் ஹைனமயர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட இச்சட்டகம், பேஸ்கேம்ப் என்னும் வணிகச் செயலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதில் வழங்கியே முழுப் பக்கத்தையும் ஆக்கி அனுப்பியது. உலாவி அதனைக் காட்டியது.

பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் முறைக்கு 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டார். ரெயில்ஸ் இம்முறையை விரைந்து ஏற்றது. 2006இல் வந்த 1.1 பதிப்பின் ஆர்ஜேஎஸ் வசதி, ரூபியில் எழுதியதை வழங்கியிலேயே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி உலாவிக்கு அனுப்பியது. ஜாவாஸ்கிரிப்டைத் தொடாமலே இடைமுகம் அமைக்கலாம் என்பது இதன் கவர்ச்சி. இடைமுகத்தின் இயக்கம் வழங்கி நிரலுக்குள் புதைந்துபோனது இதன் குறை. 2011இல் வெளியான 3.1 பதிப்பில் ஜேக்வெரி இயல்பு நூலகமாயிற்று; ஆர்ஜேஎஸ் மையத்திலிருந்து விலக்கப்பட்டது.

2013 பிப்ரவரியில் ஜெஃப் அட்வுட், ராபின் வார்டு, சாம் சாஃப்ரன் ஆகியோர் அறிவித்த டிஸ்கோர்ஸ் என்னும் கலந்துரையாடல் செயலி இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றது. இடைமுகம் முழுவதும் எம்பர் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தில் அமைந்தது. ரெயில்ஸின் முதன்மைப் பணி ஜேசன் வடிவில் தரவு வழங்குவதாகச் சுருங்கியது. அப்போது எம்பரின் 1.0 பதிப்புகூட வெளிவந்திருக்கவில்லை. அது அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வந்தது. முதிராத அடித்தளத்தின்மேல் இத்துணைப் பெரிய செயலியை எழுப்பியதைத் துணிவு என்றே கூற வேண்டும்.

அத்துணிவுக்கு விலையும் இருந்தது. தேடுபொறிகளுக்காக எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்களை வழங்கி தனியே ஆக்க வேண்டியதாயிற்று. கைவிட்டதாகக் கருதப்பட்ட வேலை பின்வாசல் வழியாகத் திரும்பியது. பக்கத்தை ஆக்கும் சுமை வாசகரின் கருவிக்கு மாறியது அதனினும் முதன்மையானது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஜாவாஸ்கிரிப்டின் வேகம் ஐபோனைவிட மிகப் பின்தங்கியிருப்பதை 2015இல் அட்வுட்டே வெளிப்படையாகச் சுட்டினார். அதாவது, விலை குறைந்த கைபேசி வைத்திருப்பவரே மிகுதியாகக் காத்திருக்க நேர்ந்தது. பங்களிப்பாளர் நிலையிலும் இப்பிளவு தெரிகிறது. ஜிபிஎல் உரிமம் எவருக்கும் நிரலை மாற்றும் உரிமை தருகிறது. எனினும் புதிய வசதியொன்றை முழுமையாகச் சேர்க்க ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இரண்டிலும் பயிற்சி வேண்டும். உரிமைக்கும் இயலுமைக்கும் உள்ள இந்த இடைவெளியை உரிம ஆவணங்களை மட்டும் நோக்குவோர் காண்பதில்லை.

2021 டிசம்பரில் வெளியான ரெயில்ஸ் 7 ஹாட்வயரை இயல்பாக்கி, ஹெச்டிஎம்எல் துண்டுகளை வழங்கியிலிருந்தே அனுப்பும் முறைக்குத் திரும்பியது. இதனை ஆர்ஜேஎஸ்ஸின் மறுபிறப்பு எனக் கொள்வது முற்றும் பொருந்தாது. முன்பு இயங்கும் நிரல் அனுப்பப்பட்டது, இப்போது பெரும்பாலும் பக்கத்தின் பகுதியே அனுப்பப்படுகிறது. டிஸ்கோர்ஸ் அவ்வழியில் செல்லவில்லை. எம்பரிலேயே நிலைத்து, இடைமுக நிரலைத் தொகுக்கும் பணியையும் ரெயில்ஸிடமிருந்து எம்பரின் சொந்தக் கருவிக்கு மாற்றிக்கொண்டது.